டிப்போ வெங்காயம்

ஆற்றங்கரைச் சாலையில் போகும் எந்தப் பேருந்தில் ஏறினாலும் சீட்டுக்கு அடியில் ஒரு வலைப்பை காலில் இடறும். உள்ளே தட்டையாக, வெளிர் மஞ்சளாக, உள்ளங்கை நிறைய உட்காருகிற வெங்காயம். தோலை உரித்துப் பழம் மாதிரி அப்படியே கடித்துத் தின்கிறார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு கதை விடுவார்கள். யாரோ ஒரு கப்பல்காரன் கொண்டுவந்தானாம். ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தார்களாம். ஒரு பெரிய மனிதர் மேடையேறி, அது தன் முப்பாட்டனார் கனவில் கண்ட விதை என்றே பேசிவிட்டார். கூட்டமும் கை தட்டியது. வயிறு எரிகிறது. டிப்போ கேண்டீனில் கரண்டி பிடித்தவள் ஒருத்தி கண்முன்னால் இருக்கும்போது கப்பல்காரனை எங்கே போய்த் தேடுகிறார்கள்?

அவளைக் கேண்டீன் அக்கா என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். டிப்போ மேனேஜருக்கும் அவள் அக்காதான், மேனேஜரின் அப்பா வந்தாலும் அவருக்கும் அக்காதான். புருஷன் அதே டிப்போவில் மெக்கானிக். வாயே திறக்காத மனுஷன். வீட்டில் பேசவேண்டியதை எல்லாம் அவளே பேசிவிடுவதால் அவருக்கு அந்த வேலை மிச்சம். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அவள் டிப்போவுக்கு வந்தாள். பழைய சமையல்காரர் அன்று சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டியிருந்தார். ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் காலித் தட்டோடு நின்றார்கள். "தட்டைப் பாத்துக்கிட்டே நின்னா சோறு முளைக்குமா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இன்றைக்கு ஒருநாள்தான் என்று புருஷனிடம் சொன்னாள். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

கேண்டீன் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நீளமாக ஓர் அறை, எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்த காற்றாடி, விளிம்பு நசுங்கிய அலுமினியப் பாத்திரங்கள், பேருந்துகள் திரும்பும் முற்றத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் தட்டு போகும், தட்டு வரும். தட்டில் மிச்சம் வைத்தவனுக்கு அர்ச்சனை நிச்சயம். எந்த வண்டி தாமதம், எவனுக்குப் பசி, எவன் வீட்டில் சண்டை, எல்லாம் அவளுக்கு அந்த ஜன்னலிலேயே தெரிந்துவிடும்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. ஆற்றோரம் மணல் பூமியில் கொஞ்சம் நிலம். அவர்கள் அப்பா எங்கிருந்தோ ஒரு பிடி வெங்காய விதை கொண்டுவந்து அந்த மணலில் தூவினார். காய் நன்றாகத்தான் திரண்டது. ஆனால் மொத்த மார்க்கெட்டில் வெங்காயத்தைச் சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து, இரண்டாக வெட்டி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடிப்பார். கண் கரித்தால் காரம் உண்டு, காரம் இருந்தால் நாள்பட நிற்கும், மூட்டை உள்ளே போகும். கரிக்காவிட்டால் மூட்டை வெளியே. தம்பியின் வெங்காயத்தை எவ்வளவு நேரம் பிடித்தாலும் கண் பாட்டுக்குச் சும்மா இருக்கும். "என்னப்பா, வெங்காயம் விளைய வெச்சியா, தண்ணியை உருட்டி வெச்சியா?" என்று சிரிப்பார்கள். கடைசியில் பட்டப்பெயர் வெங்காயத்தை விட்டுவிட்டு அவன்மேலேயே ஒட்டிக்கொண்டது. தண்ணி வந்துட்டான் பாரு, தண்ணி போறான் பாரு. பாவம், நல்லது கெட்டதுக்குக்கூட ஊருக்குள் தலைகாட்டமாட்டான்.

அந்த வருஷ அறுவடை முடிந்ததும் மூட்டைகளைக் கேண்டீன் வாசலில் இறக்கினான்.

"அக்கா, நீயே சமைச்சுத் தீர்த்துடு. வித்த வரைக்கும் போதும். மழை விழுந்ததும் டிராக்டர் விட்டு மொத்தத்தையும் ஓட்டிடப் போறேன்."

"விதைக்கு விட்டிருக்கியே, அந்தப் பாத்தி?"

"அதையும் சேர்த்துத்தான். அடுத்த வருஷம் எல்லாரும் போடற சாதி வெங்காயத்தையே நானும் போடறேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பாத்தியில்தான் பூத்தண்டுகள் வெள்ளை உருண்டைகளோடு நின்றன. விதை இன்னும் முற்றவில்லை. காரமில்லாத காய் அடுத்த நடவு வரை நிற்காது, அந்தப் பாத்தி போனால் அந்தச் சாதி வெங்காயமே உலகத்தில் கிடையாது. வேறு யாரிடமும் ஒரு விதைகூட இல்லை, யார்தான் கேட்டார்கள்?

"அப்பா கொண்டுவந்ததுடா."

"அப்பா கொண்டுவந்தார்ங்கறதுக்காக நான் காலம் பூரா சிரிப்பா சிரிக்கணுமா? உனக்கென்ன, நீ இங்க ராணி மாதிரி இருக்கே."

அக்கா மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போட்டாள்.

மூட்டையைப் பிரித்தாள். நல்ல வெங்காயம் என்று நிரூபித்துவிடுவது என்று வரிந்துகட்டிக்கொண்டு, பெரிய பாத்திரம் நிறைய நறுக்கி எண்ணெயில் போட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள். அது சிவக்கவே இல்லை. தண்ணீர் விட்டுக்கொண்டு கொழகொழவென்று கிடந்தது. சிவக்கட்டும் சிவக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் போட்டாள். இன்னும் தண்ணீர். அப்புறம் பருப்பைக் கொட்டிக் கொதிக்கவிட்டாள். அன்று மத்தியானம் டிப்போவே ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"அக்கா, இன்னிக்கு யாருக்குப் பிறந்தநாள்? பருப்புல பாயசம் வெச்சிருக்கீங்க?"

"உப்புன்னு நெனச்சுச் சர்க்கரை டப்பாவைக் கவுத்துட்டாங்கடா!"

அவள் சமையலை ஒருத்தன் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. மிச்சம் வைத்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன, அர்ச்சனை செய்ய முடியவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, தம்பிக்கு மார்க்கெட்டில் தினம் தினம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு வாயாடி கண்டக்டர் ஓடிவந்தான். அவன் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் சரியான சில்லறையோடு ஏறுவார்கள். "அக்கா, ஏதாவது போடுங்க, வண்டி கிளம்பிடும்." பருப்பு காலி, அதாவது சாக்கடைக்குப் போய்விட்டது. ரொட்டி இருந்தது. அக்கா ஒரு வெங்காயத்தை உரித்து, வட்டம் வட்டமாக வெட்டி, உப்புத் தூவி ரொட்டிமேல் வைத்து நீட்டினாள்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்குக் காரணம் உண்டு. அந்த டிப்போவில் வண்டி ஏறுமுன் யாரும் பச்சை வெங்காயம் தொடமாட்டார்கள். முன்பு ஒரு கண்டக்டர் தின்றுவிட்டுப் போய், நெரிசலில் ஆள் ஆளுக்கு முகத்துக்கு நேரே டிக்கெட் கேட்டு, பயணிகள் கூட்டமாக வந்து புகார் சொன்னார்கள். அவரை முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே கண்ணாடி இருக்கிறதல்லவா!

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க அக்கா."

"முதல்ல மோந்து பாருடா. நாத்தம் அடிச்சா என் மூஞ்சியிலேயே எறி."

மோந்து பார்த்தான். முகம் சுளிக்கவில்லை. ஓரத்தில் கடித்தான். நறுக்கென்றது. கண்ணை அகல விரித்து, நின்ற இடத்திலேயே மொத்தத்தையும் தின்றான். "இன்னொண்ணு" என்றான். அதற்குள் வண்டி ஹாரன் அடித்தது. இரண்டாவது வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே ஓடினான்.

அவன் போன பிறகுதான் அக்காவுக்கு யோசனை வந்தது. மாலை வண்டி, ஒரு கால் வைக்க இடம் இருக்காது. அவனுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழியும் தம்பி தலையில்தான் விழும். பாத்திரம் தேய்ப்பதுபோல் ஜன்னலருகிலேயே நின்றாள். ஒரு வெங்காயத்தை உரித்துத் தானும் கடித்துப் பார்த்தாள். சில்லென்று, இனிப்பாக, கடைசியில் கொஞ்சமே கொஞ்சம் சுருக்கென்று. இத்தனை வருஷம் வெங்காயத்தோடு குடித்தனம் நடத்தியவள், இதைப் போய் எண்ணெயில் போட்டு வதைத்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எல்லா வெங்காயத்தையும் போல் நடத்தினால் அது பாவம் என்ன செய்யும்!

வண்டி திரும்பி வந்ததும் கண்டக்டர் படியிலிருந்தே கத்தினான். "அக்கா! ஒருத்தர்கூட மூஞ்சியத் திருப்பல! அந்த டீச்சரம்மா இருக்காங்கல்ல, கர்ச்சீப்பை மூக்குல வெச்சுக்கிட்டே வருவாங்களே, அவங்க கிட்டப் போய் நின்னு ரெண்டு தடவை டிக்கெட் டிக்கெட்னேன். ஏம்ப்பா காதுகிட்ட வந்து கத்தறேன்னுதான் திட்டினாங்க!"

அதோடு ஆரம்பித்தது. மறுநாள் ஓட்டுநர்கள் பச்சையாகவே கேட்டார்கள். அக்கா அதை அடுப்புப் பக்கமே கொண்டுபோகவில்லை. கடைசி நிறுத்தத்துக் கடைக்காரருக்கு ஒருத்தன் கொண்டுபோனான். பொண்டாட்டி வழி சொந்தத்துக்கு ஒருத்தன் கொண்டுபோனான். வழியில் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கித் தின்றார்கள். ஆற்றங்கரைச் சாலையில் பேருந்து எங்கெல்லாம் நிற்குமோ அங்கெல்லாம், "அந்த டிப்போ வெங்காயம் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெயர் வைத்தது கப்பல்காரன் இல்லை, நிறுத்தத்தில் நின்ற ஜனங்கள்.

அக்கா தலைகால் புரியாமல் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான், கசப்பாக.

"அக்கா, உன் கேண்டீன்காரங்க உனக்குப் பயந்து திங்கறாங்க. நீ கல்லைக் குடுத்தாலும் திம்பாங்க."

"சத்தியமாடா!"

"விடு அக்கா. டிராக்டருக்குச் சொல்லியாச்சு."

எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. பிடிவாதத்தில் அவனும் அக்கா பிறந்த வயிற்றில்தானே பிறந்தான்.

மழை விழுந்தது. இரண்டொரு நாளில் நிலம் பதமாகிவிட்டது. காலைக் கூட்டம் ஜன்னலில் மொய்த்துக்கொண்டிருந்தபோது தம்பி பொண்டாட்டி போன் செய்தாள். "அண்ணி, டிராக்டர் இறங்கிடுச்சு. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறார். நீங்க வாங்களேன்." அக்கா கரண்டியைப் புருஷன் கையில் திணித்தாள். ஸ்பேனர் பிடித்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டார். வாயாடி கண்டக்டரின் வண்டி புறப்படும் நேரம். ஏப்ரனோடு ஏறினாள்.

நிலம் சாலையை ஒட்டித்தான் இருந்தது. தூரத்திலேயே டிராக்டர் தெரிந்தது. பாதிக்குமேல் உழுதாகிவிட்டது. ஈர மண் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. ஓரத்தில் விதைப் பாத்தி மட்டும் வெள்ளைத் தலைகளோடு நின்றது. டிராக்டர் அதைப் பார்த்துத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. "நிறுத்து!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பேருந்து நின்றது. டிராக்டர் நிற்கவில்லை. அவள் வரப்பில் இறங்கி ஓடி, பாத்திக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"வழியை விடு அக்கா!"

"என்மேல ஏத்திட்டுப் போகச் சொல்லு!"

டிராக்டர்காரர் பாவம், எஞ்சினை நிறுத்தாமல் அண்ணன் தம்பி சண்டையைவிட மோசமான சண்டை இது என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தம்பி நிலத்தின் நடுவில் நின்று கத்தினான். "ஊர் முன்னாடி இன்னும் எத்தனை நாள் என்னைக் கேவலப்படுத்தப் போறே? பாரு, பஸ்ஸோட கூட்டிட்டு வந்திருக்கே, வேடிக்கை பாக்க!"

உண்மையில் பேருந்தே வேடிக்கைதான் பார்த்தது. ஜன்னல்தோறும் தலைகள். கண்டக்டர் படியில் நின்று, "இதாங்க அது! அந்த வெங்காயம் வெளையற எடம்!" என்று உள்ளே சொல்லிவிட்டான். அவனுக்குத்தான் வாய் நிற்காதே.

நாலைந்து பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தது கைக்குழந்தையோடு ஒரு பெண். தம்பியும் அக்காவும் அதற்குமுன் அவளைப் பார்த்ததே இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய நேராகத் தம்பியிடம் வந்தாள்.

"எங்க மாமனார் கேட்டு அனுப்பினாருங்க. காய்ச்சலுக்கு அப்புறம் எது குடுத்தாலும் வாய்க்குப் பிடிக்கலைன்னு தள்ளிட்டு இருந்தார். போன வாரம் எங்க ஸ்டாப் கடைக்காரர் ஒரே ஒரு வெங்காயம் குடுத்தார். அதுக்கப்புறம்தான் சாப்பாடே எறங்குது. டிப்போவுல கேட்டு வாங்கிட்டு வான்னார். இங்கயே கெடைக்குமா?" சுற்றிலும் பார்த்தாள். "இது யாரோட வெங்காயம்ங்க?"

மார்க்கெட்டில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் தம்பி மூட்டையை விட்டு நாலடி தள்ளி நின்று வேறெங்கோ பார்ப்பான். இப்போது தள்ளிப்போக இடமில்லை. பின்னால் டிராக்டர், முன்னால் அந்தப் பெண், பாத்தியோரம் அக்கா. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அதில் கேலி கொஞ்சமும் இல்லை. எத்தனை கிடைக்கும், எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்கிற கவலைதான் இருந்தது.

அவன் டிராக்டர்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினான். எஞ்சின் நின்றது.

"என்னோடதுங்க" என்றான், தொண்டைக்குள்ளேயே.

அக்காவுக்குக் கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை. உலகத்தில் அந்த நிமிஷம் அவளைப்போல் பெருமைப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் விடுவாளா?

"என்னடா முணுமுணுக்கறே? பஸ்ல கடைசி சீட்டுல இருக்கறவங்களுக்குக் கேக்கல. சத்தமா சொல்லு!"

தம்பி நிமிர்ந்து பேருந்தைப் பார்த்துத் திரும்பினான்.

சத்தமாகவே சொன்னான்.