எக்ஸ்ரேக்கு நிமிர்ந்து நின்ற முதுகு

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து மூட்டைகளை லொறியில் ஏற்றுவது என் வேலை. முதுகு முன்பக்கமாக வளைந்து பல வருடங்களாகிவிட்டன. லயத்து வீட்டிலிருந்து தேயிலை ஸ்டோருக்கு நடந்து முடிப்பதற்குள் முகம் தரையைப் பார்த்துவிடும். எதிரே வருகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் காண்பேன். போன வருடம் கால்களும் மரத்துப்போகத் தொடங்கின. நடக்கவே முடியாமல் போய்விடுமோ என்று பயந்து, மனைவி என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எக்ஸ்ரே எடுப்பவர், "நேரா நில்லுங்க" என்றார். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் விறைப்பாக நின்று பழகிய உடம்பு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். படம் எடுக்கிறவரிடம் நல்ல பெயர் வாங்கி என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

டொக்டருக்குப் படத்தைப் பார்த்ததும் திருப்தி. வளைவு அதிகமில்லை, முதுகில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு அவற்றின் வழியாகவே திருகாணிகளையும் கம்பியையும் வைத்துவிடலாம், இரத்தமும் அதிகம் போகாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தேன்.

"ஏங்க, அந்தப் படத்துல நிக்கிறது யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"பொய்யி. டொக்டரய்யா, இவரு வீட்ல ஒருநாளும் இப்புடி நின்னதில்லீங்க. உங்களுக்குப் பயந்து வெறச்சிக்கிட்டு நின்னிருக்காரு. கொஞ்சம் நடக்கவிட்டுப் பாருங்க."

என் காது சூடாகிவிட்டது. டொக்டர் சிரிக்கவில்லை. பத்து நிமிடம் வராந்தாவில் நடந்துவிட்டு வரச் சொன்னார். முழங்காலை மடக்கக் கூடாது என்று சொல்லி மறுபடி படம் எடுக்கவைத்தார். இந்த முறை படத்தில் நின்றது சந்தேகமில்லாமல் நான்தான்.

இவ்வளவு வளைந்து இறுகிய முதுகைத் துளை வழியாக நிமிர்த்துவது கஷ்டம், வளைந்தபடியே நின்றுவிட்டால் இன்னொரு முறை வெட்ட நேரலாம் என்றார் டொக்டர். முதுகை நீளமாகத் திறந்தால் எலும்பைக் கொஞ்சம் வெட்டி நிமிர்த்தலாம். ஆனால் இரத்தம் போகும், கிருமி பிடிக்கலாம், நரம்புக்கும் ஆபத்து உண்டு, தேறுவதற்கு மாதக்கணக்காகும்.

"எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

எனக்குத் துளைதான் பிடித்திருந்தது. பயம் ஒரு காரணம். இன்னொன்று, துளை என்றால் நர்ஸ்மாருக்கு முன்னால் சட்டையைக் கொஞ்சமாகத் தூக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். உதவிக்கு மனைவியைப் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? முதுகு உங்களுது" என்றாள். அவள் பார்வை இரண்டாவது படத்தை விட்டு நகரவில்லை.

"தொறந்தே செய்ங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சட்டையை முழுதாகவே கழற்றினார்கள். வலியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களில் இரண்டு பேர் பிடித்து என்னை எழுப்பி நிறுத்தினார்கள். பார்க்க வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அடியாத்தி! நீங்க இவ்வளவு ஒசரமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் குனிந்துகொள்ளப் பார்த்தேன். முதுகு சம்மதிக்கவில்லை.