திரையில் தெரிந்த திராட்சைத் தோட்டம்

"இனிப்பைத் தொடுறதே இல்ல" என்று கம்பம் கிளினிக்கில் அடித்துச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை; கால் மரத்துக்கொண்டே வந்தது.

நர்ஸம்மா கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். இத்தனை வருடச் சோதனைகளும் அதில் ஒரே கோடாக ஓடின.

"அண்ணே, இங்கன பாருங்க. இந்த மாசங்கள்ல மட்டும் கோடு மேல ஏறுது. அப்ப என்ன திங்கிறீக?"

மாதங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாமே என் தோட்டத்தில் திராட்சை வெட்டிய மாதங்கள்.

"திங்க மாட்டேம்மா. பழுத்திருச்சான்னு கொடிக்குக் கொடி வாயில போட்டுப் பாப்பேன்."

"அதுக்குப் பேருதாண்ணே திங்கிறது!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தோட்டத்தைப் பார்த்தேயிராத அந்தப் பெட்டி, ஒவ்வொரு அறுவடையையும் என் ரத்தத்திலிருந்து படித்திருந்தது.

இப்போது என் மனைவிதான் வாயில் போட்டுப் பார்க்கிறாள். பழுத்துவிட்டதா என்பதை நான் அவள் முகத்தில் படித்துக்கொள்கிறேன்.