கதைக்க ஏலாதவளின் சாட்சியம்

முதலில் போனது தண்ணீர் என்ற சொல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்துத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். “கதிரை” என்று வந்தது. என் கணவர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அஃபேசியா (மூளையில் அடிபட்டுச் சொற்கள் பிடிபடாமற்போகும் நிலை) என்றார் டொக்டர். “மற்றவங்க கதைக்கிறது இவவுக்கு நல்லா விளங்கும். பதில்தான் வராது. எழுதவும் கொஞ்ச நாளைக்கு ஏலாது.” இருபது வருடமாகச் சிலாபம் பக்கத்து நீதிமன்றங்களில் அடிபட்டவர்களுக்காக வாதாடியவள் நான். வாயை நம்பிப் பிழைத்தவள்.

தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்குப் போகும் வழியில், தெருவோரம் நின்ற என்னை ஒரு ஐஸ் லொறி அடித்துத் தள்ளியது. ஓட்டியவர் லொறியின் முதலாளி. அவர் முகத்தைத் தெளிவாகக் கண்டேன். ஆனால் “நான்தான் ஓட்டினேன்” என்று பொலிசில் போய் நின்றது அவரிடம் வேலை செய்யும் சாரதி. உண்மையைச் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

சில நாளில் முதலாளி அப்பிள் பையோடு வார்டுக்கு வந்தார். என் தலைமாட்டில் நின்றே கணவரிடம் சொன்னார்: “கதைக்க ஏலாத மனுசிய வச்சுக்கொண்டு வழக்கு, கோடு கச்சேரி எண்டு ஏன் தம்பி அலையப்போறீங்க?” அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கு நன்றாகக் கேட்டது. இந்த ஆளை விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

இதே நோயோடு இதை வாசிக்கும் உங்களுக்குப் பொறுமை, செபம், நேர்த்திக்கடன் என்று பலரும் சொல்லியிருப்பார்கள். உதவலாம். என்னைத் தூக்கி நிறுத்தியது பழிவாங்கும் ஆசை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பேச்சுப் பயிற்சி தந்த பெண் மீன், பாண், கதவு என்று படம் படமாகக் காட்டினார். தமிழ் சொட்டுச் சொட்டாகத் திரும்பியது. நான் வாதாடிய மொழியான சிங்களம் கேட்டால் விளங்கியது, நாக்கில் வரவேயில்லை.

அப்போதுதான் ரீற்றா அக்காவின் நினைவு வந்தது. இறால் பதனிடும் இடத்தில் இயந்திரத்துக்கு விரல்களைக் கொடுத்தவர். உரைபெயர்ப்பாளருக்குக் காத்திருந்தால் வழக்கு இழுபடும் என்று, “தெரிஞ்ச சிங்களத்தில சுருக்கமாச் சொல்லுங்கோ அக்கா” என்று சாட்சிக்கூண்டில் ஏற்றினேன். கேள்வி விளங்காமல் எல்லாவற்றுக்கும் “ஓவ்” (ஆம்) என்றார். தவறு உன்னுடையதுதானே என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டபோதும் “ஓவ்” என்றார். வழக்குத் தோற்றது. இந்தக் கரையில் தமிழ்ச் சட்டத்தரணிகள் நாங்கள் அவசரத்தில் செய்யும் பிழை அது. ரீற்றா அக்காவிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாரதிமீதான வழக்கில் நான் சாட்சி. அவனுக்காக வாதாட வந்தவர் என் பழைய சகா. சிங்களத்தில் கேள்வி கேட்டார். “தமிழ்,” என்றேன். “இவர் இத்தனை வருடம் இதே மன்றில் சிங்களத்தில் வாதாடியவர், இது நடிப்பு,” என்றார் அவர். நீதிபதி மருத்துவ அறிக்கையை வாசித்துவிட்டு, உரைபெயர்ப்பாளருக்காக வழக்கை இன்னொரு தவணைக்குத் தள்ளிவைத்தார்.

யார் ஓட்டியது என்பதை நான் அதுவரை பொலிசிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதலாளியும் சாரதியும் அதற்கேற்பக் கதையைத் திருத்தியிருப்பார்கள். அந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி.

அந்தத் தவணையில் ஒவ்வொரு கேள்வியும் தமிழாகி வந்தது. என் பதில் தட்டுத்தடுமாறிப் போனது. மத்தியானமாகியும் பாதிக் கேள்வி முடியவில்லை. என் சகா நெற்றியைத் துடைத்தார். பொறுமை கெட்டு, குறுக்கு விசாரணையில் கேட்கவே கூடாததை, தனக்குப் பதில் தெரியாத கேள்வியை, கேட்டார். உரைபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

“லொறிய ஓட்டினது ஆரெண்டாவது உங்களால சொல்ல ஏலுமா?”

விபத்தில் மரத்துப்போன வலது கை இன்னும் அப்படியேதான் கிடந்தது. இடது கையால் கூண்டின் விளிம்பைப் பிடித்தேன். முன்பெல்லாம் மன்றில் ஒரு நொடி பேச்சு நின்றாலே எனக்கு வியர்க்கும். இப்போது நொடிகள் எல்லாம் என்னுடையவை. பின் வரிசை வாங்கில் இருந்த முதலாளி எழும்பப் பார்த்தார். பொலிஸ்காரர் இருக்கச் சொன்னார்.

முதலாளி பெயரின் முதல் எழுத்து நாக்கில் வந்து நின்றது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்படவில்லை.