பக்கத்து வீட்டுக்கு மேல் சனி

ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். நாளெல்லாம் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு வேறு எதையாவது காட்டலாமே என்று போன வருடம் ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கினேன். தோள்பைக்குள் அடங்கிவிடும். ஒரு மாலை ஏழு மணிக்கு, வீரபாண்டியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் அதை நிறுத்தி, சனி கிரகத்தைத் தேடிப் பிடித்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா படியேறி வந்தார். பல வருடம் செக்கிங் வேலை பார்த்தவர். துணியில் ஊசிமுனை ஓட்டையைக்கூட விடாத கண்.

“ஏனுங்க தம்பி, எங்க ஊட்டையே பாத்துட்டு இருக்கறீங்க?”

“ஐயோ, இல்லீங்கக்கா. உங்க ஊட்டுக்கு மேல சனி இருக்குதுங்க.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவருடைய வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி நடப்பது தெருவுக்கே தெரியும்.

“ஜோசியரும் அதையேதானுங்க சொன்னாரு,” என்றார் மெதுவாக. “அவரு கட்டத்தப் பாத்துச் சொன்னாரு. நீங்க நேராவே பாத்துட்டீங்களா?”

“நீங்களும் பாருங்கக்கா.”

“வேண்டாஞ்சாமி. கோயில்லயே அவருக்கு நேரா நின்னு கும்பிட மாட்டனுங்க.”

நல்லவேளையாக என் தொலைநோக்கியில் குழாய் வானத்தைப் பார்த்திருந்தாலும் கண் வைக்கும் இடம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அதைக் காட்டி, “நேரா நிக்க வேண்டியதில்லீங்க. இப்படி ஓரமா நின்னு குனிஞ்சாப் போதும்,” என்றேன். அது அவருக்குச் சரியாகப் பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

துணியைச் சோதிப்பதுபோல் உற்றுப் பார்த்தார். பிறகு, “ஒட்டியாணம் போட்டிருக்கறாருங்களா?” என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

“தம்பி, அவரு விலகிட்டாருங்க.”

பூமி சுற்றுவதால் எந்தக் கிரகமும் சில நிமிடங்களில் குழாயின் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். அதை விளக்க வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அக்கா கீழே ஓடி, பாதித் தோசையில் இருந்த வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்தார். அவருக்காகக் கிரகத்தை மறுபடி பிடித்துக் கொடுத்தேன். அவரும் ஓரமாக நின்று, அது போகும் வரை பார்த்தார்.

“போயிருச்சுங்க,” என்றார்.

பழக்கதோஷத்தில் என் கை குழாயைத் திருப்பும் திருகாணிக்குப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“போறவரப் போக உடுங்க தம்பி. மறுக்காப் புடிச்சுக் கொண்டாந்துராதீங்க.”

இருவரும் இறங்கிப் போய்க் கதவைச் சாத்தும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை ஒரு டப்பா நிறையக் கேசரி வந்தது. என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள்.

“சனிப்பெயர்ச்சி,” என்றேன்.