சிவப்பு மையைக் கழுவிய சனிக்கிழமைகள்

யுத்த காலத்தில் ஆவடியில் ஒரு ராணுவச் சாமான் கிடங்கில் எனக்குச் சரிபார்க்கும் குமாஸ்தா வேலை. மற்றவர்கள் நீல மையில் எழுதியதை நான் சிவப்பு மையில் சரி போட வேண்டும். தப்பு இருந்தால் சுழிக்க வேண்டும். ஊரார் தப்பையெல்லாம் சுழிக்கிறவனோடு யார் சிநேகமாக இருப்பார்கள்? நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

குடியிருந்தது திருமுல்லைவாயிலில், ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். வீட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் வயல், மாடு, ஆடு என்று விடிந்தது முதல் வேலை. என்னோடு பேச அவர்களுக்கு என்ன இருக்கிறது? சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கினால் மறுநாள் காலை ரயில் ஏறும்வரை நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இராது. என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கவே சில நாள் இருமியிருக்கிறேன். நிஜ இருமலும் இருந்தது. கிடங்கின் கோணித் தூசி தந்த சீதனம் அது.

இருந்தது ஒரே பேனா. ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருக்கும் அக்காவுக்குக் கார்டு போடுவேன். 'சௌக்கியம்' என்பதைச் சிவப்பில் எழுத மனசு வராது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து மை மாற்றுவேன். பேனாவின் கழுத்தைத் திருகிக் கழற்றி, மிச்ச மையைப் புட்டியில் திருப்பி ஊற்றி, உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுவது சுலபம். நிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிவப்புதான் லேசில் வெளியே வராது. கழுத்தை வாயில் வைத்து ஊத வேண்டும். பாதி கல்லில் தெறிக்கும், பாதி என் வாய்க்கு வரும். துப்புவேன், கொப்பளிப்பேன், கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுவேன். அவசரப்பட்டு நீலத்தை ஊற்றினால் அக்காவுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கார்டு போகும். வாரத்தில் நான் ஆசையாகச் செய்த வேலை இது ஒன்றுதான்.

ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், படியில் ஒரு தம்ளர் ஆட்டுப்பால், பக்கத்தில் அவித்த முட்டை. வீட்டுக்கார அம்மாள் தொழுவத்தருகே நின்றபடி, "குடிச்சிட்டு தம்ளர அங்கியே கவுத்து வெச்சிடு நைனா" என்றாள். அது தினப்படி ஆயிற்று. கிணற்றடிக்குப் போனால், "நீ கயித்த தொடாதே, நான் சேந்தி ஊத்தறேன்" என்று ஓடிவந்து என் குடத்தில் எட்டி நின்று ஊற்றுவாள். எவ்வளவு மரியாதை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டுப்பாலின் வாடை எனக்கு ஆகாது. ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. விடியற்காலையில் ஒருத்தி என்னை நினைத்துக்கொண்டு ஆடு கறக்கிறாள் என்பதே வயிற்றை நிரப்பியது. ஆபீசில் தப்புகளைக்கூடக் கொஞ்சம் சின்னதாகச் சுழித்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். முருங்கை மரத்தடியிலேயே நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா நைனா, ஒடம்பு எப்டி கீது?"

"நல்லாத்தான் இருக்கேங்க."

"மறைக்காத நைனா. வாரா வாரம் கெணத்தாண்ட நீ ரத்தமா துப்பறத நானும் அவளும் பாத்துக்கினுதான் கீறோம். அந்த நோவுக்கு ஆட்டுப்பாலும் முட்டையும் குடுக்கணும்னாங்க, குடுத்தோம். பட்டணத்துல ஆஸ்பத்திரி கீதாம். நானே வண்டி கட்டி இட்டுகினு போறேன், வா."

சிரிப்பு தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் மனசு தடுமாறியது. அவ்வளவு தனியாக இருந்தேன். ஆனால் அந்த மனிதர் நிஜமாகவே கலங்கிப்போய் நின்றார். கிணற்றடிக்குப் போய், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கழுத்தைக் கழற்றி, வாயில் வைத்து ஊதினேன். துணி துவைக்கும் கல் சிவந்தது.

அவர் கல்லைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். துண்டு நழுவியது. "ஏ புள்ள, இங்க வந்து பாரு! ரத்தமில்லியாம், மையாம்!"

அந்த அம்மாள் முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து நின்றாள். பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட பாவி, இதுக்கா நான் கோயில்ல வேண்டிக்கினேன்!" என்றாள். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஊரை விட்டு வந்த பிறகு நான் இன்னொருவரோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். படி காலியாக இருந்தது. நியாயம்தான். நோயில்லாதவனுக்கு எதற்கு ஆட்டுப்பால்? கிணற்றுக் கயிறும் என் கைக்கே திரும்பி வந்தது. அவர்களுக்கு என்மேல் கோபமெல்லாம் இல்லை, வேலை இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கிணற்றடியில் பேனாவை வேண்டிய அளவுக்கு மேலேயே ஊதினேன். நன்றாகச் சத்தம் வரக் கொப்பளித்துத் துப்பினேன். அம்மாள் புல்லுக்கட்டோடு அந்த வழியாக வந்தாள்.

"மையா நைனா?"

"மைதாம்மா."

சரி என்று தலையசைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் அக்காவுக்கு நல்ல நீலத்தில் கார்டு எழுதினேன், எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று.