ஏழு ஸ்பூன் ராகி

1. பை குறைந்து வந்தது

அந்தப் பெண் மேஜைமேல் வைத்த இரண்டு பைகளையும் பிரித்து, ஒவ்வொன்றாக அளவு ஜாரில் கொட்டிப் பார்த்தேன். போன வாரம் நான் கொடுத்தனுப்பியது பைக்கு நூற்று எழுபத்தைந்து மில்லி ராகி. திரும்பி வந்திருப்பது நூற்று நாற்பது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அளவு விஷயத்தில் அப்போதெல்லாம் நான் பெரிய கறார் பேர்வழி.

"ஏம்மா, தையல் விட்டுப்போச்சா? எங்காச்சும் சிந்திப்போட்டியா?" என்றேன்.

"தெரியலீங்க சிஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது நர்சிங் முடித்து வருகிற தங்கைகளுக்கு ஆஸ்பத்திரியில் ராகிக்கு என்ன வேலை என்று குழப்பமாக இருக்கும். சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி நர்சிங் ஹோமில் தியேட்டர் சிஸ்டராக இருந்தேன். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்டவ் வெடித்துத் தீக்காயம் பட்ட பெண்களும், மில் மெஷினில் கை சிக்கியவர்களும்தான். மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே சிலிக்கான் பை, அதாவது இம்ப்ளான்ட், வைத்துக்கொள்ள வருகிறவர்கள் வருடத்துக்கு ஒருவரோ இருவரோ. அதற்காக அளவு பார்க்கிற டம்மி இம்ப்ளான்ட் செட் எல்லாம் வாங்கி வைக்க முடியாது. எனவே திருப்பூர் பனியன் துணியில் உருண்டையாகப் பை தைத்து, சி.சி., அதாவது மில்லி கணக்குக்கு அளந்து ராகியைப் போட்டு மூடிக் கொடுப்போம். அரிசி என்றால் முனை குத்தும். ராகி வழுக்கிக்கொண்டு உருளும், உடம்போடு படியும். உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வீட்டு வேலை செய்யட்டும், பஸ் ஏறட்டும், குனிந்து நிமிரட்டும் என்பது டாக்டரின் ஏற்பாடு. எடை உண்மையான இம்ப்ளான்ட்டைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பருமன் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

பிறகுதான் பம்பாய்க்கு ஆர்டர் போகும். வந்து பிரித்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். உடம்புக்குள் வைத்தபின் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு ஆபரேஷன்தான். ஆகவே அந்த ராகிப் பை லேசுப்பட்ட சமாசாரமில்லை.

2. எல்லாம் ஒரே விலை

அவளை வசந்தாமணி என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் வேண்டாம். முப்பத்திரண்டு வயது. வெள்ளகோவில் பக்கத்தில் அவர்களுக்குத் தேங்காயெண்ணெய் மில். நாலடி ஒன்பது அங்குல உயரம், முப்பத்தொன்பது கிலோ. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்தபின் நெஞ்சு மறுபடியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். ஏதோ வாரப் பத்திரிகையில் இந்த ஆபரேஷனைப் பற்றிப் படித்துவிட்டு, ஒரு வருடம் மனதிலேயே வைத்திருந்து, பிறகு தானேதான் கணவரிடம் கேட்டிருக்கிறாள்.

கணவர் செல்வராஜ் நல்ல மனிதர். கேலி பேசாமல், ஊரில் யாருக்கும் தெரியாமல், தானே மாருதி வேனை ஓட்டிக்கொண்டு கூட்டி வந்தார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்த ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

டாக்டர் அளந்தார், நான் எழுதினேன். கப் சைஸ் பேச்சே அவருக்குப் பிடிக்காது. "அது கடைக்காரன் கணக்கு சிஸ்டர், நெஞ்சுக்கூட்டு அகலம் எத்தனை சென்டிமீட்டர்னு மட்டும் சொல்லுங்க" என்பார். வசந்தாமணிக்கு ஒரு பக்கத்து அகலம் பத்தரைதான் இருந்தது. தோலைக் கிள்ளிப் பார்த்தால் அடியில் கொழுப்பே இல்லை. இப்படிச் சின்ன உடம்புக்குப் பெரியதாக வைத்தால் ஒன்று அக்குள் பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் நடுவில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், விளிம்பு வெளியே தெரியும். "நூத்தி இருவத்தஞ்சுல இருந்து நூத்தி அம்பது வரைக்கும் சௌகரியமா உக்காரும். நூத்தி எழுவத்தஞ்சு கடைசி. அதுக்கு மேல நான் வைக்கமாட்டேன்" என்றார் டாக்டர்.

செல்வராஜ் யோசித்தார். "வெலை எப்படிங்க டாக்டர், சைசுக்குத் தகுந்தாப்லீங்களா?"

"இல்லீங்க. எல்லாம் ஒரே விலைதான்."

"அப்பறம் எதுக்குங்க சின்னதா வச்சுக்கிட்டு? ஒருக்கா அறுக்கறது, பெருசாவே வச்சுப்போடலாமுங்க. நூத்தி எழுவத்தஞ்சே இருக்கட்டுமுங்க."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எண்ணெய் மில்காரர் கணக்கு அப்படித்தான் ஓடும். அவர் கஞ்சத்தனமாகச் சொல்லவில்லை. மனைவிக்குச் செய்வதைக் குறைவில்லாமல் செய்யவேண்டும் என்று நினைத்தார்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நீங்க பாத்துச் செய்யுங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நம் பக்கத்தில் இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்கிறோம். மாப்பிள்ளை பார்க்கும்போதும் கேட்கலாம், துணி எடுக்கும்போதும் கேட்கலாம். பெரியவர்கள் முன்னால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு வேறு வார்த்தை கிடையாது. கொங்கு நாட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனாலும் கேஸ் ஷீட்டில் "பேஷன்ட் சம்மதம், 175" என்று எழுதினேன். எழுத சௌகரியமாக இருந்தது.

3. நான் செய்த வேலை

இனி முதலில் சொன்ன நாளுக்கு வருகிறேன். பை குறைந்து வந்ததும் நான் செய்தது இதுதான். குறைந்த ராகியை மறுபடி அளந்து போட்டு, இரண்டையும் நூற்று எழுபத்தைந்துக்கு நிரப்பினேன். தியேட்டரில் மிஞ்சிய கறுப்பு சில்க் நூலை எடுத்து இரட்டைத் தையல் போட்டேன். இனி ஒரு மணி சிந்தாது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. "இன்னொரு வாரம் வச்சுப் பாரு அம்மணி, இந்தத் தரம் ஜாக்கிரதை" என்று கொடுத்தனுப்பினேன். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் இருந்தது. வெளியே வேறு பேஷன்ட் காத்திருந்ததால் நான் கேட்கவில்லை.

டாக்டர் கேட்டபோது, "நூத்தி எழுவத்தஞ்சு ஒத்துப்போற மாதிரிதானுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். தையல் விட்டதைச் சொல்லவில்லை. நான் தைத்த பையாயிற்றே. அவர் அன்றைக்கே பம்பாய்க்குப் போன் போட்டு ஆர்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் வசந்தாமணி வந்தாள். செல்வராஜ் அவளை இறக்கி விட்டுவிட்டு மில்லுக்கு பெல்ட் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். பையை வாங்கிக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. ஓரத்தில் வெட்டி ஜாரில் கொட்டினேன். நூற்று நாற்பது. இன்னொன்றும் நூற்று நாற்பது.

பையைத் திருப்பிப் பார்த்தேன். என் கறுப்பு நூலைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளை நூலில் மெஷின் தையல், நான் போட்டதைவிட நூறு மடங்கு நேராக ஓடியிருந்தது. சிந்தியிருந்தால் இரண்டு பையும் ஒரே அளவில் வந்து நிற்குமா, அதுவும் இரண்டு வாரமும்? முதல் வாரமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்குக் காது சூடாகிவிட்டது.

எழுந்து கதவைச் சாத்தினேன்.

"நீயே எடுத்தியா அம்மணி?"

"ஆமாங்க. ரெண்டு வாரமும் ஸ்பூன்ல எண்ணித்தானுங்க எடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் ஏழு ஸ்பூன்" என்றாள். "தப்புங்களா சிஸ்டர்?"

"தப்பு கிடக்குது. எதுக்கு எடுத்தே, அதைச் சொல்லு."

"மொத வாரம் அந்தியூர்ல எந் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. நீங்க குடுத்ததை அப்படியே வச்சுக்கிட்டுத்தான் போனேன். அவ பாத்தா, பாத்துட்டுக் கண்ணைத் திருப்பிக்கிட்டா. ஒண்ணுமே கேக்கலீங்க. எங்கிட்ட எல்லாத்தையும் கேக்கற புள்ளைங்க அவ. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. மறுநா காலைல கொஞ்சங் கொஞ்சமா எடுத்து, கண்ணாடில பாத்துப் பாத்து, தங்கச்சி மிசின்லயே தெச்சுப்போட்டேன். அப்பறம் அவ, 'ஏனக்கா, இப்பத்தான் ஒடம்பு கொஞ்சந் தேறியிருக்கறே'ன்னா. எனக்கு அதுதானுங்க வேணும். தேறின மாதிரி இருந்தாப் போதும். வேற ஆளாட்ட ஆகோணும்னு நான் கேக்கலீங்க."

"அப்பறம் ஏன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லலை?"

"கேட்டதே பெரிய விசயமுங்க. அவர் ஒண்ணுஞ் சொல்லாம கூட்டியாந்தாரு. அதுலயும் இத்தனை போதும், அத்தனை வேண்டாம்னு எப்படீங்க சொல்றது? பையைப் பாத்தா நீங்களே தெரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன். நீங்க ரொப்பிக் குடுத்துட்டீங்க."

கடைசி வார்த்தையை அவள் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

4. டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

நேராக டாக்டரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மறைத்ததையும் சொன்னேன். இதற்குள் பார்சல் பம்பாயிலிருந்து கிளம்பியிருக்குமோ என்று பயம் வேறு.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பையிலயும் ஒரே அளவு ஓட்டையா சிஸ்டர்?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பம்பாய் லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பார்சல் கட்டி வைத்திருந்தார்கள், அனுப்பவில்லை. டாக்டர் நூற்று நாற்பது என்று மாற்றிச் சொன்னார். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

செல்வராஜ் பெல்ட்டோடு வந்து சேர்ந்தார். "நான் சொல்றேன்" என்று டாக்டர் ஆரம்பிக்கும்போதே வசந்தாமணி, "நானே சொல்றேனுங்க" என்றாள். சொன்னாள். பாதியில் நிறுத்தவில்லை.

அவர் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உனக்கு நல்லதா இருக்கட்டும்னுதான நான் சொன்னேன்."

"தெரியுமுங்க. ஆனா சொமக்கறது நானுங்க."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவள் முதலிலேயே சொல்லித்தான் இருந்தாள், நான்தான் அதைத் திருத்தி அனுப்பினேன் என்று நான் சொன்னேன். செல்வராஜ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "செரி, எது சௌகரியமோ அதையே வைங்க டாக்டர்" என்றார். முகம் கொஞ்சம் சுண்டித்தான் போயிருந்தது. ஆனால் போகும்போது அவள் கையில் இருந்த துணிப்பையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டார்.

5. டப்பா

ஆபரேஷன் அன்று காலையில் வசந்தாமணியை ட்ராலியில் படுக்கவைத்து தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தோம். மயக்க டாக்டர் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தார். அவள் என் கையைத் தொட்டாள்.

"சிஸ்டர், உள்ள வைக்கப்போறீங்கல்ல, அந்த டப்பாவை ஒருக்காக் காட்டுங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். அத்தனை வருட சர்வீசில் எந்தப் பேஷன்ட்டும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று வாய்வரை வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. அவள் எதை வைத்து என்னை நம்புவாள்?

உள்ளே போய் இரண்டு டப்பாக்களையும் எடுத்து வந்தேன். இங்கிலீஷ் அவளுக்கு அவ்வளவாகப் படிக்க வராது. லேபிளில் நம்பர் இருந்த இடத்தைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். "ஒண்ணு, நாலு, சைபர்." இரண்டாவது டப்பாவையும் அதேபோல் படித்தாள். "செரிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த "செரிங்க" எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவளிடமிருந்து நான் வாங்கிய முதல் உண்மையான சம்மதம் அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தபோது பார்த்தேன். எதிரே வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தோளை நிமிர்த்தி நடந்தாள், அவ்வளவுதான்.

அதன்பிறகு ரிட்டயர் ஆகும்வரை, உடம்புக்குள் எதை வைப்பதாக இருந்தாலும், மயக்கம் கொடுப்பதற்கு முன் டப்பாவைப் பேஷன்ட் கையில் கொடுத்து, அவர்கள் வாயாலேயே நம்பரைப் படிக்கச் சொன்னேன். அளவு பேசும்போது கூட வந்தவர்களை, கணவரோ தாயாரோ, ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொன்னேன். நேரமாகிறது என்று சில டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். இப்படி ஒரு ரூல் இருக்கிறதா சிஸ்டர் என்று புதிதாக வந்த பெண்கள் கேட்டார்கள்.

ரூல் எதுவும் கிடையாது. வாய் திறந்து சொல்லமுடியாத ஒருத்தி தன் கையால் சொன்னதை நான் ஒரு முறை அழித்துவிட்டேன். அவள் விடாமல் மறுபடியும் சொன்னதால் தப்பித்தாள். எல்லோரும் இரண்டாம் முறை சொல்வதில்லை.