பின்சீட்டில் லேப்டாப்போடு

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் என் மகள் அபி, அவளுடைய பைக்கில். பின்னால் நானும் என் மனைவி செல்வியும், எங்கள் பழைய ஸ்கூட்டரில். அரியாங்குப்பம் பாலம் ஏறியதும் ஒரு தனியார் பஸ் எங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு நடுவில் புகுந்தது. அதன் முதுகு மட்டும்தான் இப்போது தெரிகிறது. அபி தெரியவில்லை.

ஆனால் அவள் வண்டியின் சத்தம் கேட்டது. புது சைலன்சர் மாட்டியதிலிருந்து நான் தினமும் திட்டிக்கொண்டிருந்த அதே சத்தம்.

திடீரென்று அது நின்றுபோனது.

அடுத்த நொடி பஸ் பிரேக் அடித்த சத்தம். பின்விளக்கு சிவந்தது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. செல்வி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்த பிடியில் ஒரு பட்டன் தெறித்துவிட்டது.

நான் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இந்த வயதில் எனக்கு அப்படி ஓட வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். அவ்வளவுதான் இடைவெளி. அபி வண்டி மேல்தான் உட்கார்ந்திருந்தாள். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

“ஏம்மா, பார்க்கிங் பண்ண பாலம்தான் கெடச்சுதா உனக்கு?”

“ஆஃப் ஆயிடுச்சுண்ணா. ஸ்டார்ட் ஆவல.”

“சத்தம் மட்டும் ஊரக் கூட்டுது… ஓட மாட்டேங்குது. தள்ளு, தள்ளு!”

கத்தினாரே தவிர, இறங்கி வந்து அவரும்தான் தள்ளினார். பாலம் தாண்டி ஓரத்தில் வண்டியை விட்டுவிட்டு, “பாத்துப் போம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். நல்ல மனிதர். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கல்யாண வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. செல்வி சாப்பிடவே இல்லை.

*

இந்த இடத்தில் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும்.

அபி இன்ஜினியரிங் படித்தவள். கடலூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மெக்கானிக்கல் படித்த பெண்ணை அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, வந்த சரக்கு சரியா தப்பா என்று டிக் அடிக்கச் சொல்கிறார்கள். அவளுடைய இன்ஜினியரிங் எல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கும். எல்லாம் அந்த பைக் மேல்.

கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்று போடப்போகிறேன் என்றாள். முத்தியால்பேட்டையில் அவளோடு படித்தவன் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே போய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பழைய சைலன்சர் செய்தித்தாளில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

“போலீஸ் புடிச்சா?” என்றேன்.

“உள்ள தடுப்பு இருக்குப்பா. சத்தம் அளவத் தாண்டாது. தாண்டுனா நானே கழட்டிடுவேன்.”

அளவைத் தாண்டவில்லை என்பது அவள் கணக்கு. தெருவின் கணக்கு வேறு. எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’, என்றுதான் கூப்பிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் நீளும் அவருடைய தூக்கத்தை யாரும் கலைக்கக் கூடாது. அபி ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் வண்டி ‘டப்… டப்’ என்று வெடிக்கும். முதல் நாளே அவர் கேட்டுக்கு வந்துவிட்டார்.

“சார், லாஸ்பேட்டைல வீடு கட்டுறப்பவே தெரியும், ஏர்போர்ட் பக்கத்துல இருக்குன்னு. ஃப்ளைட்டு கூட எப்பயாவதுதான் வருது. உங்க பொண்ணு தெனம் எறங்குது!”

அந்த ‘டப் டப்’ ஏன் வருகிறது என்று அபியைக் கேட்டேன். அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

“கல்யாணப் பந்தின்னு வெச்சுக்க. புது சைலன்சர்ல பொக ஈஸியா வெளிய போயிடுது. பந்தி டக்கு டக்குனு எழுந்து போவுது, அடுத்த பந்தி உக்காருது. ஆனா உள்ள சமையல்காரரு பழைய அளவுலயே அரிசி போட்டுட்டு இருக்காரு. இன்னா ஆவும்?”

“சண்டை வரும்.”

“அதான் டப் டப். அரிசிய ஏத்தணும். பெட்ரோல எப்ப எவ்ளோ உடணும்னு வண்டிக்குப் புதுசா சொல்லிக் குடுக்கணும். அதுக்குப் பேருதான் டியூன். நானே பண்ணுவேன். கொஞ்சம் டைம் குடு.”

டைம் கொடுத்தேன். செல்வி அதற்கும் மேலே ஒன்று கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வர வேண்டும். வெறும் சைலன்சருக்காகக்கூடவா? ஆமாம், அதற்கும்தான். அர்ச்சகர் வழக்கம்போல “பேரு, நட்சத்திரம்?” என்று கேட்டார். செல்வி சற்றும் யோசிக்காமல் அபியின் நட்சத்திரத்தைச் சொன்னாள். சைலன்சருக்குக் குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அப்புறம் திருஷ்டிக்கு ஒரு கறுப்புக் கயிறு. ஊர்க்கண் எல்லாம் அந்தச் சத்தத்தின் மேல்தானே படும்? அதனால் சைலன்சர் பக்கமாகவே குனிந்து கட்டினாள். நான் மொபைல் டார்ச் அடித்துக்கொண்டு, “இறுக்கு… இன்னும் இறுக்கு, அவுந்துடப் போவுது” என்றேன்.

அடுத்த வாரம்தான் அந்தப் பாலம்.

*

பாலத்துக்குப் பிறகு நான் என்ன செய்திருப்பேன் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலிங்பெல் இரண்டு முறை அடித்தாலே கெட்ட செய்தி என்று எழுந்திருக்கிற ஆள் நான்.

வண்டியை விற்பது என்று முடிவு செய்தேன். ஆபீஸ் நண்பர் குமரன், தன் தம்பிக்கு பைக் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அபியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“சரி, ஞாயித்துக்கெழம காலைல எனக்குக் குடு. டியூன முடிச்சுடறேன். முடிச்சப்பறமும் வண்டி நின்னுச்சுன்னா, டப் டப்னுச்சுன்னா… குமரன் அங்கிளுக்கே குடுத்துடு. நான் பஸ்ஸுல போறேன்.”

“நிக்கலைன்னா?”

“நிக்கலைன்னா வண்டி நம்ம வீட்டுலதான். இன்னொண்ணு. பின்னால உக்காந்து லேப்டாப்பப் புடிக்க ஒரு ஆளு வேணும். நீதான் வரணும்.”

“நானா?”

“வண்டி எப்டி ஓடுதுன்னு நீதான பாக்கணும்?”

*

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏர்போர்ட் ரோடு. வண்டியிலிருந்து ஒரு வயர் கிளம்பி என் மடிக்கு வருகிறது. மடியில் லேப்டாப். விழாமல் இருக்க ஒரு பையில் வைத்து, பையை என் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். குழந்தையை ஏணையில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தேன். தலையில் ஹெல்மெட் வேறு.

“நீ ஒண்ணும் பண்ண வேணாம். மூடி மட்டும் மூடிக்காமப் புடிச்சுக்க. ஸ்க்ரீனப் பாக்காதப்பா, தல சுத்தும். ரோட்டப் பாரு.”

ரோட்டைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டாம். நான் பார்த்தால் எல்லாமே என்னை இடிக்கத்தான் வருகிற மாதிரி இருக்கும். வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

வாக்கிங் வந்த எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

“இன்னா சார், ஒர்க் ஃப்ரம் ஹோம் கேள்விப்பட்டுருக்கோம். இது ஒர்க் ஃப்ரம் பைக்கா?”

“பின்னால பிரின்ட்டரும் கட்டிக்குங்க சார்!”

அபி சிரித்தாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டது. நான் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவன் எப்படிச் சிரிப்பது?

ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம். நிறுத்தம். என் மடியிலேயே லேப்டாப்பைப் பார்த்து எண்களைக் கொஞ்சம் மாற்றுவாள். மறுபடி கொஞ்ச தூரம். முதல் ரவுண்டில் ‘டப் டப்’ கேட்டது. அடுத்ததிலும் கேட்டது… ஆனால் குறைச்சலாக.

இதற்கு நடுவில் நான் வேறொன்றைக் கவனித்தேன். ஸ்பீட்பிரேக்கர் என் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் வேகத்தைக் குறைத்திருந்தாள். சந்து வரும் இடமெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஓரத்தில் ஒரு பசு யோசித்துக்கொண்டு நின்றது. அது முடிவெடுக்கும் வரைக்கும் இவள் காத்திருந்தாள். ஹார்ன்கூட அடிக்கவில்லை. அவளுக்கு லைசென்ஸ் வந்து இத்தனை காலத்தில் நான் அவள் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. ஜன்னல் வழியாக அவள் கிளம்புவதைப் பார்த்தே எல்லாவற்றையும் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்தினாள். கால் மரத்துப்போயிருந்தது. பையோடும் வயரோடும் மெதுவாக இறங்கி நின்றபோதுதான் கண்ணில் பட்டது. ஹேண்டில்பாரில் ஒரு கறுப்புக் கயிறு.

“இது அம்மா கட்டுனதுதான? கீழதான கட்டுனா?”

“மேல கட்டுனா நல்லாத் தெரியுதுல்ல. அதான்.”

குனிந்து பார்த்தேன். சைலன்சருக்கு வரும் பைப் பக்கத்தில் ஒரு வயர். அதில் புத்தம் புது டேப் சுற்றியிருந்தது. பைப்பில் கறுப்பாக ஏதோ உருகி ஒட்டிய தடம்.

“அபி… இன்னா இது?”

அவள் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சென்சார் வயரு. கயித்த அதோட சேத்து இறுக்கிக் கட்டிட்டாங்க. வயரு இழுபட்டு பைப்புல ஒட்டிக்கிச்சு. சூட்டுல மேல்தோல் உருகி ஷார்ட் ஆயிடுச்சு. ஃப்யூஸ் போச்சு.”

“பாலத்துலயா?”

“ம்.”

“அப்ப சைலன்சரால நிக்கல?”

“டியூன் பண்ணலைன்னா டப் டப்னும், சூடாவும். நடுரோட்டுல நிக்காதுப்பா.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கு சாயங்காலமே. வண்டியத் தள்ளிட்டுப் போயி பட்டறைல பாத்தப்பவே.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“ஏம்மா சொல்லல? நான் குமரன வரவே சொல்லிட்டேனே! வண்டியே போயிருக்குமே?”

“போனா போவுது, வேற வாங்கிக்கலாம். அம்மா அன்னிக்குக் கல்யாணத்துல ஒரு வாய் சாப்புடல, பாத்த இல்ல? அவங்க கட்டுன கயித்தாலதான் நின்னுச்சுன்னு தெரிஞ்சா? இனிமே எதையாவது கட்டுறதுக்கே கை வருமா அவங்களுக்கு?”

டார்ச் அடித்த கை, பையை இறுக்கிப் பிடித்திருந்தது. இறுக்கு, இன்னும் இறுக்கு என்று சொன்ன வாய் எதுவென்று அவளுக்கும் தெரியும். அதை அவள் சொல்லவே இல்லை.

“அப்பா, எனக்கு இதுதான் வேலையா வேணும். டிக் அடிக்கறது இல்ல. இது.” லேப்டாப்பில் நெளிந்துகொண்டிருந்த கோடுகளைக் காட்டினாள். “ஒரு ரவுண்டு போலாமா?”

ஏறி உட்கார்ந்தேன்.

இந்த முறை ரோட்டின் கடைசியில் அவள் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருந்தேன்.

ஒன்றும் இல்லை. வண்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கி, தாழ்ந்த குரலில் சீராக உறுமிக்கொண்டு நின்றது. நிற்க வைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். அணையவில்லை. என் வலது காலும் அந்த பிரேக்கை மிதிப்பதை எப்போதோ விட்டிருந்தது.

*

சாயங்காலம் குமரன் வந்தார். காபி கொடுத்தோம். “விக்கறதா இல்லைங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், காபியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“நீங்கதான சார் போன் போட்டு வரச் சொன்னீங்க?”

“ஆமா… இப்ப சரியாயிடுச்சு.”

“எது, வண்டியா, நீங்களா?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் சாயங்காலம் முசியே கேட்டருகே நின்றிருந்தார். முகத்தில் ஓர் ஏமாற்றம்.

“இன்னா சார், வண்டிய வித்துட்டீங்களா? காலைலருந்து சத்தமே காணமே. பழகிட்டுது… தூக்கம் வரல.”

செல்விக்குத்தான் குழப்பம் தீரவில்லை. “விக்கணும்னு அந்தக் குதி குதிச்சவரு நீங்க. லேப்டாப்பத் தூக்கிட்டுப் போயிட்டு வந்து அப்டியே மாறிட்டீங்க?” என்றாள். அப்புறம் அவளாகவே ஒரு பதிலும் கண்டுபிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற பைக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அந்தக் கயிறு மட்டும் இல்லைன்னா அன்னிக்குப் பாலத்துல இன்னா ஆயிருக்கும்… நெனச்சுப் பாருங்க.”

அபி என்னைப் பார்த்தாள். நான் அபியைப் பார்த்தேன்.

“ஆமா செல்வி” என்றேன்.

பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று நாமும் எதையெதையோ கட்டிக்கொண்டே இருக்கிறோம். கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எனக்கே அது இல்லாமல் முடியாது. ஆனால் எங்கே கட்டுகிறோம், எவ்வளவு இறுக்குகிறோம் என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது. அவர்கள் அதை அவிழ்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றுதான் நாம் பயப்படுகிறோம். என் மகள் தூக்கிப் போடவில்லை. எடுத்து, வலிக்காத இடத்தில் கட்டிக்கொண்டாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். “வீட்டுல நீங்க பேசறதே போதும், பேப்பர்ல வேற படிக்கணுமா?” என்று சொல்லி செல்வி இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அவளை எங்காவது பார்த்தால் கயிற்றைப் பற்றி மூச்சு விட்டுவிடாதீர்கள்!